கரண்ட்டை மாற்ற முடியுமா?



ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் இருக்கிறது. அவருடைய மகள் லண்டனில் குடித்தனம் நடத்துகிறார். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது என்று உட்கார்ந்த இடத்தில் செல்போனிலேயே கம்பெனியை மாற்றிவிட்டாராம். கம்பத்தை யாரும் தொடவில்லை, ஒயரைப் பிடுங்கவில்லை, பில் அனுப்புகிற பெயர் மட்டும் மாறியிருக்கிறது. “நமக்கும் அப்படி ஒரு வழி உண்டா? கரண்ட்டை மாற்ற முடியாவிட்டால் கேஸையாவது மாற்றலாமா? மாடியில் சோலார் போடச் சொல்லி வாரம் ஒருவர் வருகிறார், நம்பலாமா?” என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அடுப்பெரிக்கிற, விளக்கேற்றுகிற எல்லா வீட்டுக்கும் உரிய கேள்விகள் இவை. இந்த மாதப் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

கரண்ட்டை மாற்ற முடியாது, அம்மா. மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து விராலிமலை வரை வீட்டுக்கு மின்சாரம் தருவது ஒரே நிறுவனம். 1957 ஜூலை 1ஆம் தேதி மின்வாரியமாகத் தொடங்கியது, 2010இல் கம்பெனிகளாகப் பிரிந்தது, 2024இல் இன்னொரு முறை பிரிந்து தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் பெற்றது. நம் வாயில் இன்றும் அது ஈ.பி.தான். இந்தியாவில் மும்பையின் சில பகுதிகளில், 2008இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வீட்டுக்காரர்கள் இரண்டு கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடிகிறது. லண்டன் கதைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 2021இல் எரிவாயு விலை எகிறியபோது அந்த நாட்டில் ஏறக்குறைய முப்பது கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. மலிவு என்று நம்பிப் போன லட்சக்கணக்கான குடும்பங்கள், தாங்கள் தேர்ந்தெடுக்காத வேறு கம்பெனியின் பில்லைக் கட்டவேண்டி வந்தது.

கம்பெனியை மாற்ற முடியவில்லையே என்று எனக்குப் பெரிய ஏக்கம் இல்லை. காரணம், 2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்த அன்று விடிந்தபோது கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடிப் பக்கம் கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தென்னையும் பலாவும் ஒயர்மேல் விழுந்து கிடந்தன. ஊர்க்காரர்கள் காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் வயலில் இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டதைப் பார்த்தவர்கள் நாம். லாபக் கணக்கு பார்க்கிற நிறுவனமாக இருந்திருந்தால் கடைக்கோடித் தெருவின் நாலு வீட்டுக்கு எப்போது கம்பம் வந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால், வேறு கடைக்குப் போக வழியில்லாத இடத்தில் இருக்கிற கடை ஒழுங்காக நடக்க வேண்டும். அதைக் கேட்கிற உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. மின்தடை, குறைந்த அழுத்தம், பில் குழப்பம் எதுவானாலும் 2021இல் தொடங்கிய மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் கூப்பிடலாம். கூப்பிட்டதும் தருகிற புகார் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டும் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கொடுத்தவை. வக்கீல் வேண்டாம். தேதி, இணைப்பு எண், என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தால் போதும். ஈ.பி. ஆபீஸ் வாசலில் வாயால் சொல்லிவிட்டு வருகிற புகார் காற்றோடு போகும், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிய புகார் நிற்கும்.

பில்லைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 500 யூனிட் என்பது ஒரு வாசற்படி. 2023 கோடையில் என் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 512 யூனிட் ஓடியது. அப்போது இருந்தது 2022 செப்டம்பரில் வந்த கட்டணம். அதன்படி 500 யூனிட் வரை ஓடியிருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் ரூ.2.25, பிறகு 400 வரை ரூ.4.50, மீதி 100 யூனிட் ரூ.6. ஆக 1,725 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டதால் 101இலிருந்தே ரூ.4.50 ஆகிவிட்டது, மேலே போன 12 யூனிட் ரூ.8 வீதம். பில் 2,046 ரூபாய். பன்னிரண்டு யூனிட்டுக்கு 321 ரூபாய்! 2024 ஜூலையில் விகிதங்கள் இன்னும் கொஞ்சம் ஏறின, படி அதே இடத்தில்தான் இருந்தது. அந்த 512 யூனிட் பில் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரில் ஓடும் எண்ணை நாள்காட்டித் தாளில் குறித்து வைக்கிறோம். நாற்பத்தைந்தாவது நாளில் 400ஐ நெருங்கினால், மீதிப் பதினைந்து நாள் ஏ.சி. எந்த அறையில் எத்தனை மணி நேரம் என்று வீட்டில் பேச்சு நடக்கும். ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதும் அதே தாளிலேயே இருக்கும்.

“இன்றிரவு 9.30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று செல்போனில் வருகிற செய்தியைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அது ஏமாற்றுக்காரர்களின் வேலை. அழைத்தவர்களின் வங்கிக் கணக்கு காலியாகியிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: கேஸை மாற்றலாம். இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. என மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. ஏஜென்சி சரியில்லை என்றால் வேறு ஏஜென்சிக்கு மாறும் வசதி 2013இல் சில நகரங்களில் தொடங்கி 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களுக்கு விரிந்தது. ஒரே நிறுவனத்தின் வேறு ஏஜென்சி என்றால் வேலை சுலபம், சிலிண்டர் உங்களிடமே இருக்கும். நிறுவனமே மாறுவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கி, புது இடத்தில் வைப்புத்தொகையைக் கட்ட வேண்டும். எவ்வளவு திரும்ப வரும், எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு இறங்குங்கள். முன்பதிவு செய்யும்போதே ஏஜென்சியைத் தேர்ந்துகொள்ளும் சோதனை 2021 ஜூனில் ஐந்து ஊர்களில் நடந்தபோது கோயம்புத்தூரும் அதில் இருந்தது. புதுக்கோட்டைக்கும் அது வர வேண்டும்.

மாற்றுவதற்கு முன் இருக்கிற ஏஜென்சியிடம் கேட்டு வாங்கவேண்டியது நிறைய இருக்கிறது. எங்கள் சின்னம்மா இதில் கெட்டிக்காரர். 1991-92இல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, அப்போது முப்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் சேர்த்துக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். சிலிண்டர் வந்து இறங்கினால் வாசலிலேயே குனிந்து, கைப்பிடி வளையத்தில் பொறித்திருப்பதை விரலால் தொட்டுப் படிப்பார்.

“தம்பி, தராசை எடுப்பா.”

“சீல் போட்டுத்தானேம்மா வருது.”

“சீல் இருக்கட்டும்ப்பா. இதுல பதினஞ்சு புள்ளி மூணுன்னு போட்டிருக்கு. பதினாலு புள்ளி ரெண்டு கூட்டுனா இருபத்தொன்பதரை வரணும். நிறுத்துக் காட்டிட்டு உள்ள கொண்டு போ.”

காலி சிலிண்டரின் எடை அந்த வளையத்தில்தான் இருக்கும். உள்ளே 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையின் உள்பக்கத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. பக்கத்து எண் ஆண்டு. அந்தக் காலாண்டு கடந்துபோன சிலிண்டர் மறுசோதனைக்குப் போயிருக்க வேண்டியது, அதைத் திருப்பி அனுப்புங்கள். ரசீதில் உள்ள தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி சேர்ந்திருக்கிறது. ஒருமுறை எங்கள் வீட்டில் ரசீதுக்கு மேல் எழுபது ரூபாய் கேட்டார்கள். சின்னம்மா கொடுக்கவில்லை, ஆனால் வெயிலில் வந்த பிள்ளைக்கு மோர் கொடுத்தார். வாசனை வந்தால் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே போய் 1906ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் நிஜமான தேர்வு இருக்கிறது. பணமும் அதிகம், ஆபத்தும் அதிகம். 2024 பிப்ரவரி 13இல் தொடங்கிய பி.எம். சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேனல் பொருத்தி, நெட் மீட்டர் வைத்து ஓடத் தொடங்கிய பிறகு அது உங்கள் கணக்குக்கு வரும். “மானியம் வாங்கித் தருகிறேன்” என்று தனியாகக் காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என் வீட்டுக்கு வந்த ஒரு நிறுவனத்தார், “கரண்ட் போனாலும் உங்க வீட்ல லைட் எரியும் சார்” என்றார். அது தவறு. பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு சேர்க்கிற சோலார், லைன் செத்த நொடியே தானும் நின்றுவிடும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நம் மாடியிலிருந்து மின்சாரம் தெருக் கம்பிக்கு ஓடினால், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிர் போகும். கஜாவின்போது நம் ஊர்க் கம்பங்களில் ஏறிய அந்தக் கேரளத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இதைத் தெரியாமல் விற்றாலும் தப்பு, தெரிந்து மறைத்தால் பெரிய தப்பு. அவரிடம் நான் வாங்கவில்லை.

ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். இரண்டு மாதத்துக்கு 240. மூன்று கிலோவாட் என்றால் 700க்குக் கிட்டத்தட்ட வரும். 700 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு நான் சொன்ன 2022 கட்டணத்திலேயே பில் 3,650 ரூபாய். அந்த வீட்டுக்கு சோலார் நல்லது. 250 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு பில்லே 450 ரூபாய்தான், கடன் வாங்கி அவசரப்பட வேண்டாம். எங்கள் ஆலங்குடி வாசகி தன் பில்லை எழுதவில்லை. ஆனால் தெற்கே ஒரு தென்னை நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். பேனல் தெற்கு பார்த்துப் பத்து டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். கஜாவுக்குத் தப்பித்த தென்னையை சோலாருக்காக வெட்டாதீர்கள், அம்மா.

போடுவதென்று முடிவானால், திட்டத்தின் இணையதளப் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் மூன்றிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். பேனலும் இன்வெர்ட்டரும் எந்த நிறுவனத் தயாரிப்பு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கு யார் வருவார், மானியத்துக்குத் தகுதியான இந்தியத் தயாரிப்புப் பேனல்தானா என்று கேட்டு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே அவர் பேனல் போட்ட ஒரு வீட்டின் முகவரியைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த வீடாக இருந்தால் நல்லது.

உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். இரண்டு மாதத்தின் ஒன்பது எண்களும் வீட்டில் ஓடும் சாமான்களின் பட்டியலும் போதும், பெயர் வேண்டாம். வருகிறவற்றை அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம். கடிதம் எழுதிய அம்மாவுக்கு: சின்னம்மா உங்கள் வீட்டுக்கு வரத் தயாராக இருக்கிறார். அடுத்த சிலிண்டர் என்றைக்கு வருகிறது என்று மட்டும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்