காளானும் களமும்

சாத்தனூர்க் கல்மரத்தைக் காண வருவோர் எல்லோரும் கேட்பது, "மரம் எப்படிக் கல்லாயிற்று?" என்பதே. தாவரவியல் மாணவனாகிய எனக்கு எழுந்த கேள்வி வேறு: இது ஏன் மட்கிப் போகவில்லை? 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து கூறிய இம்மரம் 18 மீட்டர் நீளமுடையது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். அன்று இப்பகுதி கடல். கடலடிச் சேற்றில் காற்றுப் புகாமல் புதைந்ததால் பூஞ்சைகளின் வாய்க்குத் தப்பியது. தரையில் கிடந்திருந்தால் என்றோ மண்ணாகியிருக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைப்பதில் பூஞ்சைகளுக்கு நிகர் பூஞ்சைகளே.

இவற்றுக்குப் பச்சையம் இல்லை. செல்சுவரில் இருப்பதோ கைட்டின். வண்டின் ஓட்டில் உள்ள அதே பொருள். 1969-இல் விட்டேக்கர் இவற்றைத் தாவரங்களினின்று பிரித்துத் தனி உலகமாகவே வகுத்தார். இருந்தும் நாம் தாவரவியல் தாளில்தான் படித்துக்கொண்டிருக்கிறோம், அது கிடக்கட்டும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பாள் என் அப்பாயி. மழை விட்ட மறுநாள் புற்றடியில் பறித்து வந்து அவள் வைக்கும் குழம்புக்கு ஈடில்லை. கறையான் மரத்தை மென்று, புற்றுக்குள் பாத்தி கட்டி, பூஞ்சையைப் பயிரிட்டு உண்கிறது. மனிதன் ஏர் பிடிக்கும் முன்பே அது உழவு கற்றுவிட்டது! அந்தப் பாத்தியிலிருந்து தலைநீட்டுவதே புற்றுக்காளான். குப்பைமேட்டுக் காளானை மட்டும் அப்பாயி தொடமாட்டாள்.

ஆனால் நான் எழுத வந்தது மக்காச்சோளத்தைப் பற்றி. 2018-இல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கொல்லைகளைச் சூறையாடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்புழுவை அடக்க வேளாண் துறையினர் பரிந்துரைப்பவற்றுள் மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையும் ஒன்று. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, துளைத்து உட்புகுந்து கொன்றுவிடும்.

காட்டில் நம்மைக் காக்கும் இனத்திலேயே வீட்டில் நம்மைக் கெடுப்பதும் உண்டு. ஈரம் காயாத கதிரில் மஞ்சளும் பச்சையுமாய்ப் பூப்பது ஆஸ்பெர்ஜில்லஸ். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு, வேகவைத்தாலும் ஒழியாது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மலைவாழ் மக்கள் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாட்டுக்குப் போட்டாலும் பாலின் வழியே நம்மிடமே திரும்பி வரும்.

இதற்கு விவசாயியின் அறியாமையே காரணம் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கே காயவைப்பான் அவன்? தார்ச்சாலையில் கொட்டிவிட்டு, லாரிக்கும் மழைக்கும் அஞ்சி இரவெல்லாம் காவல் கிடக்கிறான். ஊருக்கொரு சிமெண்டு உலர்களமும், மேலே போர்த்தத் தார்ப்பாயும் இருந்தால் இப்பூஞ்சையை வித்திலேயே முறியடிக்கலாம். ஊருக்கு எத்தனையோ வளைவுகள் கட்டுகிறோம். களத்தை முதலில் கட்டுங்கள் என்பது என் கட்சி.

சென்ற தையில் பூசணம் பூத்த கதிர்களை அப்பாயி மாட்டுத்தொட்டிக்கு அள்ளிக்கொண்டு போனாள். நான் தடுத்தேன்.

"குப்பையில கொட்டவாடா இத்தனை பாடுபட்டோம்?" என்றாள்.

எனக்கு நா எழவில்லை. கூடையை வாங்கிக் குழி தோண்டப் போனேன்.