சோற்றுப் பொட்டலமும் சொஸ்மாவும்

கேமரன் மலையில் ரயில் கிடையாது. ரிங்லெட், தாப்பா என்று வளைந்து வளைந்து இறங்கி, அடிவாரத்துக்கு வந்துதான் பிடிக்க வேண்டும். போன மாதம் நானும் அண்ணன் மகனும் அப்படி ஒரு நிலையத்தில் காத்திருந்தோம். சீருடைக்காரர் ஒருவர் வந்தார். எங்களைத் தாண்டிப் போய், மலையில் கொழுந்து பறிக்கும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவரை நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார். இரண்டு சட்டை, ஒரு போர்வை, பிஸ்கட் பாக்கெட். பக்கத்துத் தூணோரம் ஒரு பெரிய பெட்டி அரைமணி நேரமாக ஆளில்லாமல் கிடந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாதுகாப்புக்குத்தானே சித்தப்பா. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவன் ஏன் பயப்படணும்?" என்றான் பையன்.

இந்தக் கேள்விக்கு என் பாட்டியிடம் பதில் இருந்தது.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. பயம் பொய்யல்ல. ரயில்கள் சுடப்பட்டன, கவிழ்க்கப்பட்டன. தண்டவாளத்தில் கவச டிராலிகள் ரோந்து போயின. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்து முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் வேலி சுற்றியது. வேலைக்குப் போகும் பெண்களை கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். காட்டில் இருப்பவனுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். பாட்டி அப்போது இந்த மலையில் கொழுந்து பறித்தவள். "தொட்டவன் மொகம் மறந்துபோச்சுடா. சோத்த மண்ணுல கொட்டுனதுதான் மறக்கல" என்பாள்.

சோற்றைத் தடுத்துத்தான் காட்டுப் போரை வென்றார்கள் என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். போர் முடிந்த பிறகு கேட்டைத் திறந்தார்களா? 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கலாம். 2012-ல் இசா போய் சொஸ்மா வந்தது. இதில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே 28 நாள் காவலில் வைக்கலாம். அதற்குப் பிறகும் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

2019 அக்டோபரில் அந்தச் சட்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டியது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். அதில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். புலிகள் அழிந்து அப்போது பத்து ஆண்டு ஆகியிருந்தது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பில்லை என்று வழக்கையே கைவிட்டார். நான்கு மாதச் சிறை போனது போனதுதான். இதனால் எந்த ரயிலில், எந்தப் பயணி காப்பாற்றப்பட்டார்?

"அப்ப தமிழன் குண்டே வைக்கலையா?" என்று கேட்பீர்கள். வைத்தான். 1996 ஜூலை 24, தெஹிவளை. வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நிறைந்த ரயிலில் புலிகள் வைத்த குண்டுகளுக்கு 64 பேர் செத்தார்கள். நம் மேடைகளில் யாரும் அதைப் பேசுவதில்லை, பேச வேண்டும். ஆனால் அந்த நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதலே இருந்தது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்றும் இருந்தது. தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே அதிகாரிகள் கைக்கு வந்திருந்தது. தேவாலயங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மும்பையைப் பாருங்கள். 2006 ஜூலை 11 அன்று புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள். தண்டிக்கப்பட்ட 12 பேரையும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது. 19 வருடம் கழித்தும் செத்தவர்களின் வீடுகளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

வேறு வழி உண்டு. 2017-ல் மான்செஸ்டர் அரங்கில் 22 பேர் கொல்லப்பட்டார்கள். பெரிய பையோடு ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பொதுஜனம் ஒருவர், அங்கிருந்த ஊழியரிடம் சொல்லியும் இருந்தார். அது மேலே போய்ச் சேரவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் விடாமல் போராடியதில் 2025-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது. இருநூறு பேர் கூடும் இடமானால், ஆபத்தில் மக்களை எப்படி வெளியேற்றுவது, எங்கே ஒதுங்க வைப்பது, யாருக்குச் சொல்வது என்பதற்கெல்லாம் அந்த இடத்தின் பொறுப்பாளர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் இடத்துக்குப் பொறுப்பானவரைக் கேள்வி கேட்கிறது. நம் சட்டம் ஆளின் நிறத்தையும் மொழியையும் பார்க்கிறது.

எனக்கு வேண்டியது அந்த மாதிரிச் சட்டம். ரயில் மேடைக்கும் பேருந்து நிலையத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வேண்டும். சொஸ்மா வேண்டாம்.

பெட்டிக்காரர் கடைசியில் கையில் தேத்தண்ணியோடு வந்து சேர்ந்தார். நல்லவேளை. பையனிடம் கேட்டேன்: "அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல, எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்திருந்தது யாரு?" அவன் அந்தத் தொழிலாளியைப் பார்த்தான். அவர் குனிந்து போர்வையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நிஜமாவே ஒரு பெட்டியப் பாத்தா, அந்த சீருடைகிட்ட போய்ச் சொல்லுவாருங்கற?"

பையன் பதில் சொல்லவில்லை. ரயில் வந்துவிட்டது.