டிஸ்சார்ஜுக்குப் பிறகு: தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் கவனத்துக்கு.

தென்னையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்தவர்கள், பைக் விபத்தில் அடிபட்டவர்கள் நாங்கள். தையல் பிரித்ததும் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். விபத்தில் பிழைத்த பலரைப் பின்னால் படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் கொண்டுபோகின்றன. பெரும்பாலும் தடுக்கக்கூடியவை இவை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அவர் முயற்சியில் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. அத்தகைய மையம் தரும் மறுவாழ்வுப் பயிற்சி, மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் கிடைக்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழகாதவரை டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள்.

கதீட்டர் விஷயத்துக்கு வருவோம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றியாக வேண்டும். ஒருமுறை போட்டு எறிய வேண்டிய குழாயைக் கழுவிக் கழுவிப் போடுகிறோம். காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக், மறுபடி அதே குழாய். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை அரிசிக்கா, கதீட்டருக்கா? அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை நோய் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே பையில் கதீட்டரும் ஜெல்லியும் வரட்டும்.

நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குக் கதீட்டர் அடைத்துக்கொண்டாலே ரத்த அழுத்தம் எகிறலாம். மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். முதலில் நிமிர்த்தி உட்காரவைத்து, அடைப்பை எடுக்க வேண்டும். அவசரப் பிரிவில் இதை நாங்களே சொல்லிப் புரியவைக்கும்படி இருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் ஊழியர் உட்பட அனைவருக்கும் பயிற்சி கொடுங்கள்.

இலவச சக்கர நாற்காலியை ஆளை அளந்து கொடுங்கள், புண் வராத மெத்தையோடு. அரசு கட்டித்தரும் வீட்டில் கழிவறைக் கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கட்டும்.

பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரின் வேலையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காக்கிறது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு மாற்றுத் தொழிற்பயிற்சியும் வட்டியில்லாக் கடனும் கொடுங்கள். புதிதாக அடிபட்டு வருபவருக்குச் சொல்லித்தர எங்களைவிடத் தெரிந்தவர் யார்? மறுவாழ்வு வார்டுகளில் எங்களையே பயிற்றுநர்களாக நியமியுங்கள், மாதச் சம்பளத்தில்.