வாக்கெடுப்பு நேரத்தில் காலியான இருக்கைகள்



மதரஸாவுக்கு வராத பிள்ளையிடம் மறுநாள் காரணம் கேட்கிறோம். காய்ச்சல் என்றால் ஏற்றுக்கொள்கிறோம். தூங்கிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னால் கண்டிக்கிறோம். ஆயினும் மனத்துக்குள் மகிழ்கிறோம். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கும் இக்கேள்வியை, நம் பிரதிநிதிகளாகச் சட்டம் இயற்றச் சென்றவர்களிடம் நாம் கேட்பதில்லை.

2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆளும் கூட்டணிக்கு அங்கே பெரும்பான்மை இருக்கவில்லை. எனினும் ஆதரவாக 99, எதிராக 84 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. 245 இடங்கள் கொண்ட அவையில் வாக்களித்தோர் 183 பேர் மட்டுமே. நிரப்பப்படாத ஒரு சில இடங்களைக் கழித்தாலும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் மசோதாவை எதிர்த்துப் பேசின. பின்னர் வெளிநடப்புச் செய்தன. பகுஜன் சமாஜ் கட்சி, தெலங்கானா ராஷ்டிர சமிதி ஆகியவற்றின் உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. எதிர்த்து வாக்களித்த கட்சிகளிலும் சிலர் அவைக்கு வரவில்லை.

முத்தலாக் குறித்த மார்க்கச் சட்ட விவாதம் இங்கே நமது பொருளன்று. மசோதாவை ஆதரித்தவர் ஆதரித்து வாக்களித்தார். அது அவர் நிலைப்பாடு. எதிர்க்கிறேன் என்று சொன்னவர் ஏன் வாக்களிக்கவில்லை என்பதே நம் கேள்வி.

வெளிநடப்பு என்பது எதிர்ப்பைக் காட்டும் நாடாளுமன்ற மரபு என்று சிலர் விளக்கம் அளிப்பர். அரசமைப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவைப் பார்த்தால் இவ்விளக்கம் நிற்காது. சாதாரண மசோதா நிறைவேற, அவையில் இருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையே போதும். 240 பேர் வாக்களித்தால் 121 வாக்குகள் வேண்டும். 183 பேர் வாக்களித்தால் 92 போதும். ஆகவே எதிர்ப்பாளர் வெளியேறும்போது, ஆதரவாளருக்குத் தேவையான எண்ணிக்கையே குறைகிறது. வெளியே சென்றவர் தம்மை நடுநிலையாளர் என எண்ணிக்கொள்ளலாம். கணக்கு அவ்வாறு எண்ணுவதில்லை. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்ததை நாடறியும்.

உடல்நலக் குறைவு, வெளிநாட்டுப் பயணம், குடும்ப நிகழ்ச்சி, தொகுதிப் பணி ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் மெய்யானவையும் உண்டு. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே பறிபோகலாம் என்பதும் மெய்தான். 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை அவ்வாறே கூறுகிறது. அப்படியாயின் கேள்வி தனி உறுப்பினரைத் தாண்டிக் கட்சித் தலைமையிடம் செல்ல வேண்டும். பேச்சில் எதிர்க்கச் சொன்ன தலைமை, வாக்கில் எதிர்க்க ஏன் சொல்லவில்லை?

காரணம் கூறும் ஒழுக்கத்தை மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பொதுக் காரியத்திற்காகக் கூடியிருக்கும்போது அனுமதி பெறாமல் விலகிச் செல்லாதிருப்பதை இறைநம்பிக்கையாளரின் பண்பாக அந்நூர் அத்தியாயத்தின் 62ஆவது வசனம் சொல்கிறது. பலவீனர்மீதும் நோயாளர்மீதும் குற்றமில்லை என அத்தவ்பா அத்தியாயத்தின் 91ஆவது வசனம் உணர்த்துகிறது. எனவே உண்மையான தடங்கல் வேறு, சாக்குப்போக்கு வேறு.

ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாத ஏறத்தாழ எண்பது பேர், நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும் சத்தியம் செய்து காரணங்களை அடுக்கினர். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ சொல்வன்மை மிக்க கவிஞர்; நினைத்திருந்தால் அவர்களைவிட அழகாகக் காரணம் சொல்லியிருப்பார். தமக்கு எந்தத் தடங்கலும் இருக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அதற்காக ஐம்பது நாள்கள் சமூகத்தின் பேச்சற்ற தனிமையைத் தாங்கினார். அவரது தவ்பா ஏற்கப்பட்ட செய்தி அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆவது வசனத்தில் இன்றளவும் ஓதப்படுகிறது. தவறிய பின்னும் உண்மைக்கு வாசல் திறந்திருக்கிறது என்பதே நமக்குள்ள பாடம்.

2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என நிறைவேறியது. எதிர்த்தோர் தோற்றனர். ஆனால் அவையில் அமர்ந்து, எதிர்த்து வாக்களித்துத் தோற்றனர். அவர்களிடம் நாம் காரணம் கேட்க வேண்டியதில்லை.

ரமளானில் நோன்பு திறக்கும் நிகழ்ச்சிகளுக்கு எல்லாக் கட்சியினரும் வருகின்றனர். தொப்பி அணிந்து, நம்முடன் அமர்ந்து நோன்புக் கஞ்சி அருந்துகின்றனர். அவர்களை மரியாதையுடன் வரவேற்போம். கூடவே, நம் ஜமாஅத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுத்து, இன்ன நாளில் இன்ன வாக்கெடுப்பின்போது தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பணிவாகக் கேட்போம். பதவி ஓர் அமானிதம். கொடுத்தவர் கணக்குக் கேட்பது அவமதிப்பாகாது.

அதற்கு முன் நம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம். சென்ற தேர்தல் நாளை விடுமுறையாகக் கழித்தவர் நம் வீட்டில் எத்தனை பேர்? மஹல்லாக் கூட்டத்திற்கு வராமலேயே முடிவைக் குறை கூறியவர் எத்தனை பேர்? இக்கேள்விகளுக்கும் கஅப் (ரலி) அவர்களைப் போல உண்மையான பதில் சொல்லும் மனத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.