கள்ளக்கடலும் கூலியில்லா நாளும்

'கள்ளக்கடல்' என்பது கேரளக் கடற்கரை மீனவர்கள் தந்த சொல். காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில், கள்வனைப் போல அரவமின்றிக் கரையேறும் கடலை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பும் நெடிய அலைகளே இதன் காரணம். 2012-இல் யுனெஸ்கோ இதனை அறிவியல் கலைச்சொல்லாக ஏற்றது. தமிழில் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாத சொல். 2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. அன்று கள்ளக்கடல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மீனவக் கிராமங்களுக்குள் புகுந்தது. கடற்கரைகளுக்குச் செல்ல வேண்டாமென்று அரசு எச்சரித்தது.

அத்தகைய எச்சரிக்கை நாளொன்றில் கோவளத்தில் நிகழ்வது என்ன? சுற்றுலாப் பயணி அறைக்குத் திரும்புகிறார், அல்லது பயணத்தையே தள்ளி வைக்கிறார். குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுபவருக்கும், சுண்டலும் இளநீரும் விற்பவருக்கும், விடுதியில் நாள்கூலிக்குத் துணி வெளுப்பவருக்கும் அன்றைய வருமானம் இல்லை. லைஃப் கார்டு எனப்படும் உயிர்காப்பாளருக்கோ அன்றுதான் வேலை மிகுதி. அவரும் நாள்கூலிக்காரரே. 2019 ஆகஸ்டில் சங்குமுகத்தில் ஓர் உயிரைக் காக்கக் கடலில் இறங்கிய உயிர்காப்பாளர் அலையில் சிக்கி மாண்டார்.

பருவநிலை மாற்றம் சுற்றுலாத் தேவையை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராய்வோர் பெரும்பாலும் பயணியின் பக்கம் நின்றே பார்க்கின்றனர். அவருக்கு எந்த வெப்பம் உவப்பு, எந்த மாதம் வருவார், இங்கு வராவிடில் எங்கு செல்வார் என்பவையே அவர்களது கேள்விகள். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ மூண்டு ஏறத்தாழ 19,000 பேர் வெளியேற்றப்பட்டபோது, அங்கு விடுமுறையைக் கழிக்க இயலாதோர் மறு ஆண்டு ஒரு வாரம் இலவசமாகத் தங்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பயணிக்கு மாற்று ஊர் உண்டு, மாற்று நாள் உண்டு. கோவளத்துத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை.

கேரளத்தின் கணக்கைக் கவனிப்போம். 2019-இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 11.89 லட்சம், 2023-இல் 6.49 லட்சம். உள்நாட்டுப் பயணிகளோ இதே காலத்தில் 1.84 கோடியிலிருந்து 2.18 கோடியாக உயர்ந்தனர். இம்மாற்றத்தைத் தொடங்கிவைத்தது கொரோனாவே அன்றிப் பருவநிலை அன்று. ஆயினும் அதன் விளைவு பருவநிலையோடு பின்னிக் கிடக்கிறது. வெளிநாட்டார் வருவது பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான இதமான மாதங்களில். நம் நாட்டுக் குடும்பங்கள் வருவதோ பள்ளி விடுமுறை கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும், ஓணத்தை ஒட்டியும், அக்டோபரிலும். முன்னது கடும் வெப்பக் காலம், பின்னவை பெருமழை அச்சுறுத்தும் காலம். பல மாதங்களுக்கு முன்பே விமானச்சீட்டு வாங்கியவர் எளிதில் பின்வாங்குவதில்லை. மதுரையிலிருந்து ரயிலில் வரவிருப்பவர் தொலைக்காட்சியில் சிவப்பு எச்சரிக்கை கண்டதும் பயணத்தை நிறுத்திவிடுவார். பயணிகளின் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே தொழிலாளியின் வேலைநாட்கள் நிச்சயமற்றுப் போவது இவ்வாறுதான்.

மழையையே விற்ற மாநிலம் இது. கர்க்கடக மாதத்து ஆயுர்வேத சிகிச்சையும் பருவமழைச் சுற்றுலாவும் விளம்பரங்களில் இடம்பெற்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காக மூணாறு காத்திருந்த ஆண்டும் அதுவே. 2023-இல் நேர்மாறாக, கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 34 சதவீதம் குறைந்தது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுள் புதைந்தன. அன்றைய மழையின் கடுமை பருவநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்ததாகப் பன்னாட்டு ஆய்வுக் குழு கணித்தது.

அந்த ஆண்டு திருவனந்தபுரத்தில் சுற்றுலாத் துறையின் ஓணம் வாரக் கொண்டாட்டம் கைவிடப்பட்டது. இடது ஜனநாயக முன்னணி அரசு துக்கம் அனுசரித்தது முறையே. அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் மேடையமைப்போர், ஒளி-ஒலித் தொழிலாளர், செண்டை மேளக்காரர் ஆகியோர் ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருக்கும் வருவாய் அந்த வாரத்தில்தான் உள்ளது. துக்கத்தின் செலவைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்வதற்குப் பதில் அவர்கள் தலையில் மட்டும் இறக்குவது நியாயமாகாது.

1986-இலேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்த மாநிலம் கேரளம். தொழில் என்ற தகுதி முதலீட்டாளருக்குச் சலுகைகளைத் தந்தது. தொழிலாளிக்கு என்ன தந்தது? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி, இயற்கைப் பேரிடரால் லே-ஆஃப் செய்யப்படும் தொழிலாளிக்குப் பாதி ஊதியம் பெறும் உரிமை இருந்தது. ஆனால் அவ்வுரிமை ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே உரியதாக இருந்தது. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பும் இவ்வெல்லையை விரிக்கவில்லை. விடுதிகள் வெளியே நிற்கின்றன. கடற்கரை வியாபாரியைப் பற்றிப் பேச்சே இல்லை. கோவளத்தில் பொதுத்துறையின் கையிலிருந்த அசோக் விடுதியும் 2002-இல் வாஜ்பாய் அரசால் தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டது.

கடல் நெருங்கி வரும் காலத்தில் சட்டம் கட்டடங்களைக் கடலை நோக்கி நகர்த்தியிருப்பது மற்றொரு விந்தை. 2019 ஜனவரியில் ஒன்றிய பாஜக அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. வீடு கட்ட வழியற்றிருந்த மீனவருக்கு இதனால் நன்மை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பணம் படைத்த விடுதி முதலாளியே முதலில் அந்த இடத்தைப் பிடிப்பார். கேரள அரசின் 'புனர்கேகம்' திட்டமோ, உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பம் ஒவ்வொன்றும் அங்கிருந்து விலகிச் செல்ல 10 லட்சம் ரூபாய் தருகிறது. மீனவருக்கு ஆபத்தான கரைக்கு அடுத்த அடியிலேயே உல்லாச விடுதிக்கு அனுமதி! சங்குமுகத்தில் 2021 மே மாதம் டவ்தே புயலின்போது விமான நிலையச் சாலையே இடிந்து கடலில் சரிந்ததைக் கண்ட பின்னும் இந்த நம்பிக்கை குலையவில்லை.

செய்யத்தக்கது உண்டு, அதற்கு முன்மாதிரியும் கேரளத்திலேயே உண்டு. வானிலை எச்சரிக்கையால் கடலுக்குச் செல்ல முடியாத நாட்களுக்காக மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வழங்க 2021-இல் மாநில அரசு முடிவெடுத்தது. மீனவரின் வலை கரையில் கிடக்கும் அதே நாளில்தான் கோவளத்துக் குடையும் மடங்கிக் கிடக்கிறது. எச்சரிக்கை விடுப்பது அரசு. எனவே அந்நாளுக்கான குறைந்தபட்சக் கூலியைக் கோரும் உரிமை இரு சாராருக்கும் உண்டு. அதற்கான நிதியைப் பெருவிடுதிகளிடமிருந்து தனித் தீர்வையாகத் திரட்டலாம். முதற்படியாக, கோவளத்திலும் வர்க்கலையிலும் சங்குமுகத்திலும் அன்றாடக் கூலிக்கு உழைப்போர் யார், எத்தனை பேர், எச்சரிக்கை நாட்களில் அவர்கள் இழந்தது எவ்வளவு என்பதைத் தொழிற்சங்கங்களே வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து, அடுத்த பருவமழை தொடங்குமுன் சுற்றுலாத் துறையின் மேசையில் வைக்க வேண்டும்.