ஃபாரினில் மோதிரம், பென்னலூரில் தாம்பூலம்: நடுவில் நடக்க வேண்டிய பேச்சு

2021 அக்டோபர் 7. துபாய் ஸ்டேடியத்தில் பஞ்சாபிடம் சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்ற கையோடு, தீபக் சாஹர் நேராக கேலரிக்குப் போனார். அங்கே இருந்த காதலியின் முன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினார். அவர் சம்மதம் சொன்னதும், தோற்ற கவலை சிஎஸ்கே ரசிகர்களுக்கே கொஞ்சம் குறைந்தது. 2022 ஜூனில் ஆக்ராவில் கல்யாணம்.

2018 ஜூலையில் பிரியங்கா சோப்ராவிடம் நிக் ஜோனஸ் கேட்டது கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில். (விஜய்யின் 'தமிழன்' ஹீரோயின் என்றால் நம்மூரில் சட்டென்று புரியும்.) ஆனால் விஷயம் தீவோடு முடியவில்லை. அடுத்த மாதமே நிக்கின் அப்பா, அம்மா மும்பைக்கு வந்து 'ரோகா' சடங்கில் உட்கார்ந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு இரண்டு குடும்பம். அந்த இரண்டாவது பாதிதான் இங்கே பல ஜோடிகளுக்குக் கஷ்டம்.

நட்சத்திரங்களுக்கு மட்டுமேயான விஷயமாக இது இப்போது இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் பென்னலூரை எடுத்துக்கொள்ளலாம். ஊரிலேயே இன்ஜினீயரிங் காலேஜ், பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், கொஞ்சம் தள்ளி ஒரகடம் சிப்காட். கொரியாவுக்கும் ஜெர்மனிக்கும் ட்ரெய்னிங் போய் வருகிற இளைஞர்கள் இந்தப் பக்கம் உண்டு. சொந்தச் செலவில் போகிறவர்களுக்கும் வழி எளிதாகிவிட்டது. 2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா கெடுபிடியைத் தளர்த்தின.

வெளிநாட்டில் போய்க் கேட்பதை 'சினிமா பார்த்துக் கெட்டுப் போனது' என்று கிண்டல் செய்வது சுலபம். கம்பெனி பஸ், பிஜி ரூம், ஷிஃப்ட், வார இறுதியில் சொந்த ஊர் என்று ஓடும் வாழ்க்கையில் இரண்டு பேர் நிம்மதியாக அரை மணி நேரம் உட்கார்ந்து பேச இங்கே எங்கே இடம் இருக்கிறது? டீக்கடையில் நின்றாலே 'யாரு அது?' என்று கேட்க ஒரு சித்தப்பா வந்துவிடுவார். தெரிந்த முகமே இல்லாத ஒரு கடற்கரை, அந்த ஜோடிக்கு ஆடம்பரத்தைவிட முதலில் தனிமை.

தவிர, இரண்டு பேர் முதலில் தங்களுக்குள் முடிவு செய்வது தமிழுக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியத்தில் களவியலுக்கு அடுத்துத்தான் கற்பியல் வருகிறது. அதே அக மரபில் இன்னொன்றும் உண்டு: மடலேறுதல். காதல் கைகூடாத தலைவன் பனைமடலில் செய்த குதிரையில் ஏறி, ஊர் பார்க்கத் தெருவில் வருவான். ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்தாவது சம்மதம் கிடைக்கும் என்ற கணக்கு. கேமரா சுற்றி நிற்க மண்டியிடும் இன்றைய 'சர்ப்ரைஸ்' சிலவற்றில் அந்த மடல்குதிரையின் சாயல் இருக்கிறது. ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு இன்னும் நான்கு நாள், தங்குவது ஒரே ஹோட்டல், போன் எடுத்தபடி நாலு பேர். இந்த நிலையில் ஒரு பெண் 'எனக்கு யோசிக்க டைம் வேணும்' என்று எப்படிச் சொல்வார்? இடம் சர்ப்ரைஸாக இருக்கலாம். கேள்வி சர்ப்ரைஸாக இருக்கக் கூடாது. கல்யாணம், வேலை, எங்கே குடியிருப்பது என்பதையெல்லாம் ஃபிளைட் ஏறும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

மோதிரம் போட்டால் சட்டப்படி என்ன?

பொதுவாக, ஒன்றும் இல்லை. நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது என்பதற்காக 'கல்யாணம் செய்துகொள்' என்று எந்த கோர்ட்டும் உத்தரவிடாது. பிஎஃப் கணக்கில் குடும்பம் உள்ளவர் குடும்பத்தினரைத்தான் நாமினியாகப் போட முடியும். அந்தப் பட்டியலில் வருங்காலக் கணவனோ மனைவியோ கிடையாது. அமெரிக்கக் குடிமகனுக்கு நிச்சயமானவர் கே-1 விசாவில் போய் 90 நாளுக்குள் கல்யாணம் செய்யலாம். ஆனால் ஹெச்-1பி விசாவில் இருப்பவர் மோதிரத்தைக் காட்டி யாரையும் அழைத்துப் போக முடியாது, கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு சுவாரஸ்யம். அண்ணா ஆட்சியில் 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. இதன்படி இரண்டு இந்துக்கள் உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் 'இவரைத் துணையாக ஏற்கிறேன்' என்று சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது முழுமையான கல்யாணம். ஊர் கூட்டி நடத்த வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்காகக் கடற்கரையில் மோதிரம் போட்டவர்கள் எல்லாம் தம்பதி ஆகிவிட மாட்டார்கள். 'கட்டிக்கிறியா?' என்பது கேள்வி, திருமணம் இல்லை. ஆனால் கூட வந்த நண்பர்கள் எடுத்த வீடியோவில் என்ன வார்த்தை பதிவாகியிருக்கிறது என்பது பின்னால் ஒரு தகராறு வந்தால் முக்கியமாகலாம்.

நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாண வாக்குறுதி கொடுத்து உடலுறவு கொள்வதும் தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவில் இதற்கு 10 ஆண்டு வரை சிறை.

போட்டோ யாருக்கு முதலில்?

அங்கே மோதிரம் போட்ட அரை மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் வைத்துவிடுகிறார்கள். அதை அத்தை பார்த்து, அத்தை அம்மாவுக்கு போன் செய்து, அம்மாவுக்கு அப்படித்தான் தெரிகிறது. பிறகு நடக்கும் சண்டையில் பாதி, மாப்பிள்ளை யார், பொண்ணு யார் என்பதைப் பற்றி இருக்காது. 'எங்ககிட்ட ஏன் முதல்ல சொல்லல?' என்பதுதான். சம்மதிக்கக்கூடிய வீடுகூட இதில் முறுக்கிக்கொள்ளும். ஒரு போன் காலில் தவிர்க்கக்கூடிய காயம் இது.

ஆனால் எல்லா வீட்டிலும் முறுக்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மீறிக் கல்யாணம் செய்ததற்காக இன்ஜினீயரிங் மாணவர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்படி ஒரு பயம் உள்ள ஜோடியிடம் 'முதல்ல வீட்ல சொல்லுங்க' என்பது பொறுப்பில்லாத அறிவுரை. அவர்கள் போட்டோவைப் போடாமல் இருப்பதும், லொகேஷனை மறைப்பதும் வெட்கத்தால் அல்ல. இப்படிப்பட்ட ஜோடிகளின் புகாரைக் கவனிக்க மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் எஸ்.பி. அலுவலகத்தில் இது பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மோதிரம். தி.நகரில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பில்லைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. விலை அதிகமென்றால், போகும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் திரும்பும்போது கேள்வி வராது. அங்கேயே வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: நகைக்கான தனி வரிச்சலுகை, ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவர்களுக்குத்தான். ஐந்து நாள் டூருக்கு அது பொருந்தாது.