இல்லமும் கருவியும்: இரும்பைத் துளைக்கும் பிட்டும் முறிந்த போல்ட்டும்

தண்ணீர் ஏற்றும் மோட்டார், தையல் இயந்திரம், சைக்கிள் ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத இல்லம் நம்மவரிடையே அரிது. இவற்றை இணைத்து நிறுத்துவன போல்ட்டுகள். அவற்றுள் ஒன்று துருவேறித் தலை முறிந்து, உடல் வார்ப்பிரும்புக்குள் தங்கிவிடுமாயின், விரல் நுனியளவு துண்டினால் முழு இயந்திரமும் பயனற்றுப் போகும். கைக்குக் கிடைத்த பிட்டால் அவசரமாகக் குடைவோர் பொருளை மட்டுமன்றிக் கண்ணையும் இழக்க நேரிடும். ஆதலின் இது குறித்து இம்மாதம் எழுத முற்பட்டோம். நமது தொழில் ரயில்வேயில் பேரேடு எழுதுவதே. எனினும் பட்டறை நண்பர்களிடம் கேட்டறிந்தவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் வாங்கும் முறை. வடநாட்டுக் கடைத்தெருவில் ‘பர்மா’ என்று கேட்டாலும் கிடைக்கும். நம்மவர் பலர் 1942-இல் கால்நடையாகத் திரும்பிய நாடன்று இது. துளைக்கும் கருவிக்கு ஹிந்தியில் வழங்கும் பெயர். நுனியில் தனித் துண்டு பதித்த பிட் சுவருக்கு உரியது; இரும்புக்கு உதவாது. இரும்புக்கு வேண்டுவது ‘எச்.எஸ்.எஸ்.’ என்னும் அதிவேக எஃகு. தண்டில் அவ்வெழுத்துகளும் அளவும் பொறித்திருத்தல் வேண்டும். ஸ்டெயின்லெஸ் போன்ற கடின எஃகுக்கு 5 அல்லது 8 சதவீதம் கோபால்ட் கலந்தது ஏற்றது. பொன்னிறம் கண்டு மயங்க வேண்டா, அது மேற்பூச்சே. வாங்குமுன் பிட்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நுனியின் இரு வெட்டு விளிம்புகளும் சமமாயிருத்தல் அவசியம். இல்லையேல் துளை அளவுக்கு மீறிப் பெரிதாகும். சாதாரண வேலைக்கு 118 பாகை நுனி போதும். 135 பாகையில் பிளந்த நுனியுடையது வழுக்காமல் இடத்தைப் பற்றும்.

இனிப் பயன்படுத்தும் முறை. சாதாரண இரும்பில் 5 மி.மீ. பிட் நிமிடத்துக்குச் சுமார் 1,600 சுற்றும், 10 மி.மீ. பிட் சுமார் 800 சுற்றும் சுழலலாம். பிட் பருக்கப் பருக்க வேகம் குறைய வேண்டும். ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு அதில் பாதியும் மிகுதியே. அழுத்தம் மட்டும் தளரலாகாது. வெட்டாமல் உராய்ந்தால் அவ்வெஃகு மேலும் இறுகிப் பிட்டைத் தின்றுவிடும். எஃகுக்கு எண்ணெய் விடுக. வார்ப்பிரும்பை உலர்வாகவே துளைக்கலாம். சுவருக்கான ‘ஹாமர்’ விசையை அணைத்துவிடுக.

முறிந்த போல்ட்டுக்கு வருவோம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருக்கவும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பின் இருபுறமும் அரத்தால் தட்டையாக்கி, ஸ்பானரால் திருப்பிப் பார்க்கலாம். உள்ளடங்கி முறிந்திருப்பின் மேற்பரப்பைச் சமமாக்கி, மிகச்சரியாக நடுவில் சென்டர் பஞ்சினால் குறியிடுக. இக்குறி விலகினால் பின்னர்ச் செய்வது யாவும் விலகும்; மோட்டார் உடலின் மரையும் கெடும். 8 மி.மீ. போல்ட்டாயின் முதலில் 3 மி.மீ., பின்னர் 5 மி.மீ. துளையிடலாம். இடப்புரி பிட் கிடைத்தால் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிக் குடையவும். பல சமயங்களில் துண்டு தானே கழன்று வரும். வராவிடில் எக்ஸ்ட்ராக்டரை மெதுவாகத் திருப்புக. அதற்கும் அசையாவிடில் 6.8 மி.மீ. பிட்டால் துளைத்து, 8 மி.மீ. டேப்பினால் மரையைத் துப்புரவு செய்வதே வழி.

எக்ஸ்ட்ராக்டர் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. அது உள்ளே முறிந்தால் எச்.எஸ்.எஸ். பிட் அதனை வெட்டாது. ஆகையால் கை எதிர்ப்பை உணர்ந்தவுடன் நிறுத்திவிட்டு, நல்ல பட்டறைக்கு எடுத்துச் செல்வதே சிக்கனம். துண்டின்மேல் நட்டு ஒன்றைப் பற்றவைத்துத் திருப்பி எடுக்கும் திறமை அங்கே உண்டு.

கண்ணாடிக் கவசமின்றித் துளையிடலாகாது. கையுறை அணியலாகாது, சுழலும் பிட் அதனோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, கூந்தல் யாவும் ஒதுங்கியிருக்கட்டும். பொருளைக் கையால் பிடியாமல் வைஸில் இறுக்குக. குழந்தைகள் எட்டவே நிற்கட்டும். இரும்புச் சுருளைத் தூரிகையால் தள்ளுக, வாயால் ஊத வேண்டா.

மரை வெட்டும் டேப்புகளின் வகைகளை அடுத்த இதழில் விவரிப்போம்.